துவைக்காத கோட்டு

ஆய்வுக்கூடத்துச் சலவைக்காரருக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே மனக்குறை: வேதியியல் மேடத்தின் கோட்டு. மரப்பட்டையிலிருந்து காய்ச்சல் மருந்தை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் என்று உலகமே கொண்டாடும் அந்த மேடம், கோட்டைத் துவைக்க மட்டும் விடவே மாட்டார்.

"குடுவையில மருந்து பாகாவே நிக்கும்ப்பா. பழைய படிகத்தோட தூசி துளி விழுந்தாத்தான் புதுசா படிகம் கட்டும். அந்தத் தூசி இந்தக் கோட்டுலதான் இருக்கு."

"அழுக்கும்தான் இருக்கு மேடம்" என்று முணுமுணுத்துவிட்டு, அமிலம் தின்ற ஓட்டைகளைத் தைப்பதற்காக மட்டும் அவர் கோட்டைத் தன் துணிப்பையில் எடுத்துப்போவார்.

மேடம் ஓய்வுபெற்ற மறுநாளே சலவைக்காரர் கோட்டை வெளுத்து, விறைப்பாகத் தேய்த்து, அவருடைய மாணவியிடம் பெருமையோடு நீட்டினார். மாணவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று வாரம் அவள் குடுவையிலிருந்த பாகு படிகம் கட்டவே இல்லை. நான்காம் வாரம் அழுக்குத் துணி எடுக்க வந்த சலவைக்காரர், குற்ற உணர்ச்சியோடு அந்தக் குடுவைப் பக்கம் பார்த்தபடியே தன் பையை உதறி விரித்தார். அவர் துணிகளை எண்ணி முடிப்பதற்குள் பாகுக்குள் வெள்ளை ஊசிகளாய்ப் படிகங்கள் கிளம்பிவிட்டன.

"அண்ணே, உங்க பைதான்!" என்று மாணவி கத்தியது வாசல்வரை கேட்டது.

அன்று மாலை அவர் மனைவி மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்தப் பையை வாளியில் முக்கப் போனாள். சலவைக்காரர் பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டார்.

"கையை எடு! அது அழுக்கில்ல, மருந்து."