போகிற தண்ணீருக்கு ஒரு குலவை

தண்ணீரைக் கண்டால் எனக்குக் கை கால் சும்மா இருக்காது. எங்கள் ஊர் சிலமலையில் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். கண்மாய் நிறைந்தது என்று காதில் விழுந்தால் போதும், போட்டது போட்டபடி ஓடிப்போய்க் கரையில் நின்று குலவை போடுவோம். வந்த தண்ணீரை வெறுமனே போகவிட்டு எங்களுக்குப் பழக்கமில்லை.

இந்த வருடம் ஒரு கூத்து நடந்ததும் அதனால்தான். சில வருடங்களுக்கு முன் மலையிலிருந்து ஓடை பெருகி வந்து, பிடுங்க நின்ற என் சின்ன வெங்காயத்தை மொத்தமாக வழித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு என் வெங்காயக் காட்டுக்கு மேலே, ஓடைக்குக் குறுக்கே சின்னதாக ஒரு மண் அணை கட்டினார்கள். அடியில் ஒரு குழாய். வெள்ளத்தை அணை தாங்கிக்கொள்ளும், குழாய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்.

"இது கண்மாய் இல்லம்மா. எப்பவும் காலியா கெடக்கணும். அப்பத்தான் வெள்ளம் வந்தா எடம் இருக்கும்" என்று அதைக் கட்டிய பொறியாளர் படித்துப் படித்துச் சொன்னார். காலியாகக் கிடப்பதற்கு ஒரு அணையா? அவர் போன பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இந்த வருடம் முதல் மழைக்கே அணைக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. அது குழாய் வழியே ஓடுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. நானும் என் நாத்தனாரும் மூன்று ஏலக்காய்ச் சாக்குகளில் மணலை நிரப்பி, மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி இறக்கி, குழாயின் வாயை அடைத்தோம். அடுத்தடுத்துப் பெய்த மழையில் தண்ணீர் ஆளுயரத்துக்கு ஏறியது. என் கிணறுகூட ஊற ஆரம்பித்தது. எங்கள் கெட்டிக்காரத்தனத்துக்கு நாங்களே குலவை போட்டுக்கொண்டோம்.

ஒரு நாள் மத்தியானம், மலை மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"இங்க வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. வெரசா போயி மூட்டைய உருவுங்க. அணை ஒடஞ்சா காடும் இல்ல, வீடும் இல்ல."

இந்த முறையும் வெங்காயம் பிடுங்கும் பருவத்தில் நின்றது. ஓடினோம். கரையில் கிடந்த கயிற்றை இரண்டு பேரும் பிடித்து இழுத்தோம். மூட்டை அசையவே இல்லை. தண்ணீரின் பாரம் அதைக் குழாயோடு வைத்து அழுத்தியிருந்தது. நான் பொறியாளரைத் திட்டினேன், பிறகு என்னையே திட்டிக்கொண்டேன்.

மழைக்குப் பயந்து சீக்கிரமே இறங்கிய தோட்டத்து ஜீப்பு ஒன்று அப்போது ரோட்டில் வந்தது. கை காட்டி நிறுத்தினேன். காய் பறித்துவிட்டுத் திரும்பிய பெண்கள் பத்துப் பேர் குதித்து ஓடிவந்தார்கள். கயிற்றில் பிடிக்க இடமில்லாதவர்கள் எங்கள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். முதல் மூட்டை உருவிக்கொண்டு வர, மொத்தப் பேரும் சேற்றில் மல்லாந்து விழுந்தோம். மற்ற இரண்டும் பின்னாலேயே வந்தன. அணைக்கு அந்தப் பக்கம் குழாய் உறுமியது.

அணை பாதி வடிவதற்குள் மலைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து சேர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஏறியது, ஏறியது, கரை உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. கீழே ஓடை கரைக்குள்ளேயே ஓடியது. என் வெங்காயம் அப்படியே நின்றது.

என்னை அறியாமல் குலவை போட்டுவிட்டேன்.

"போற தண்ணிக்கா மதினி குலவ போடுறீக?" என்றாள் நாத்தனார்.

"போகட்டும் ஆத்தா, நல்லாப் போகட்டும்" என்றேன். தண்ணீரைப் பார்த்து அந்த வார்த்தையை என் ஆயுசில் நான் சொன்னதே இல்லை.