எக்ஸில் ஒன்பதைக் கழித்தால் ஒய்

எனக்குக் கணக்கு வராது என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் சொல்லியிருக்கிறார். அதுவும் ஊரே கூடியிருந்த இடத்தில், சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஆள் என் அப்பா. நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது மடல் சூடாகிறது.

பாண்டிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூனில் கடலை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அப்பாவுக்கு ஒரு ஃபைபர் படகு, அடுத்த வீட்டில் இருந்த பெரியப்பாவுக்கு ஒன்று. கரையில் இருக்கும்வரை அண்ணனும் தம்பியும் ஒரே டீயை இரண்டாக ஊற்றிக் குடிப்பார்கள். கடலுக்குள் போய்விட்டால் ஒருவர் போகும் திசையை இன்னொருவரிடம் சொல்ல மாட்டார்கள். கடலுக்கு அடியில் பாறை கிடக்கிற இடத்துக்குப் ‘பார்’ என்று பெயர். மீன் கூடுவது அங்கேதான். ஒருவர் ஒரு பாரைக் கண்டுபிடித்தால் அந்த இடத்தை ஜி.பி.எஸ். பெட்டியில் எண்களாகச் சேர்த்து வைத்துக்கொள்வார். அதற்குப் பெயர் பாயிண்ட். ‘பொண்ணக்கூட குடுத்துடுவான், பாயிண்ட்ட குடுக்க மாட்டான்’ என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. சம்பந்தம் பேசும்போதுகூட இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் மற்ற படகுகளெல்லாம் வலையிலிருந்து ஒன்றுக்கும் உதவாத சொறி மீனை உதறிக்கொண்டிருந்தபோது அப்பா மட்டும் பெட்டி பெட்டியாகச் சங்கரா மீன் கொண்டுவந்தார். அவர் புதிதாக ஒரு பாரைக் கண்டுபிடித்திருந்தார். சுவரோடு நின்றுபோயிருந்த எங்கள் வீட்டுக்குத் தளம் போடுவது அதை நம்பித்தான். ஜி.பி.எஸ். பெட்டியில் எழுத்தெல்லாம் இங்கிலீஷ் என்பதால் பாயிண்ட்டுக்குப் பெயர் அடித்துச் சேமிப்பது என் வேலை.

ஒன்பதாம் வகுப்பில் கிராஃப் பாடம் வந்தது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அவரவர் வீட்டில் புழங்கும் எண்களை வைத்தே வரைந்து வரச் சொன்னார் கணக்கு மிஸ். ஒருத்தி பால் ஊற்றும் கணக்கை வரைந்தாள், ஒருவன் கரண்ட் பில்லை வரைந்தான். நான் அந்தப் புதுப் பாரில் அப்பா குறித்த பாயிண்ட்டுகளைக் கொண்டுபோனேன். ரகசியம்தான், தெரியும். ஆனால் பள்ளிக்கூடத்தில் யார் மீன் பிடிக்கிறார்கள்?

ஒரு பாயிண்ட் என்பது அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்; எங்கள் கடலில் அவற்றின் டிகிரி மாறுவதில்லை. அதனால் அதை ஓரத்தில் எழுதிவிட்டு டிகிரிக்கு அடுத்து வரும் நிமிஷங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். கிழக்கே போவது எக்ஸ், வடக்கே போவது ஒய். (57, 48), (58, 49), (59, 50). தசமங்களும் இருந்தன. அவற்றை இங்கே எழுத மாட்டேன். அந்த அளவுக்காவது இப்போது புத்தி வந்திருக்கிறது. புள்ளிகளை வைத்து முடித்ததும் மிஸ் அதன்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.

“ஏய், நேர்கோடுடி இது!”

எக்ஸில் ஒன்பதைக் கழித்தால் ஒய். யார் கண்ணுக்கும் தெரியாமல் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பாறை ஒரு சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது என்றால் சும்மாவா? முதல் பரிசு எனக்குத்தான். எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

கண்காட்சிக்குத் தன் மகனைப் பார்க்க வந்த பெரியப்பா, அவன் செய்து வைத்திருந்த எரிமலையை விட்டுவிட்டு என் சார்ட்டின் முன்னால் வந்து நின்றார்.

“இன்னா கண்ணு, இது உங்கப்பன் பொட்டியிலேர்ந்து எடுத்ததா?”

“ஆமா பெரியப்பா.”

“சூப்பரு. ஸ்டேட்டஸ் வக்கிறேன்” என்று போனில் படம் எடுத்துக்கொண்டார். அன்றைக்கும் மறுநாளும் அம்மாவின் போனில் தேடினேன். அவர் வைக்கவே இல்லை. எனக்கு வந்த முதல் கோபம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. படகுகள் கரை ஏறிக்கொண்டிருந்தன, பெண்கள் ஏலத்துக்குக் கூடைகளோடு நின்றார்கள். அப்பா படகிலிருந்து நாங்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பெரியப்பா வெறும் படகோடு வந்து இறங்கினார். மணலில் கால் வைத்ததும் என்னைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.

“பிரைசு குடுத்தானுங்களாம் பிரைசு! இவ போட்ட புள்ளிய பொட்டியில அடிச்சிட்டு போறேன், வடக்க காட்டுது. போய்க்கினே இருக்கேன். பாண்டி லைட்ஹவுஸ் கிட்ட போனா கரைக்குள்ள போ, கரைக்குள்ள போன்னுது. லாஸ்பேட்டையில ஏரோப்பிளேன் எறங்குற எடத்த காட்டுதுபா! அங்க போயா வல வுடறது? ஒரு கேன் டீசல் காலி!”

கரையே சிரித்தது. ஏலம் கூவுகிறவர் எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சிரித்தார். திருடப் போன மனிதர், திருட்டுப் பொருள் தரமில்லை என்று நடுக்கரையில் சண்டைக்கு வருகிறார். அது ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை. என் கிராஃப்தான் தப்பாம்.

டிபன் பாக்ஸை எதை வரைந்து வாங்கினேன் என்பது அப்பாவுக்கு அப்போதுதான் தெரியும். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

“அத்த போயி நம்பனியாண்ணே? அதுக்கு இன்னா கணக்கு தெரியும்? போன பரிட்சையில முட்ட. மிஸ்ஸம்மா பாவம் பாத்து டிபன் பாக்ஸ் குடுத்தாங்க.”

முட்டையா? நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கிய பேப்பரில் கையெழுத்துப் போட்டதே அவர்தான்! பெரியப்பா சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பெற்ற அப்பாவே பச்சைப் பொய் சொல்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கிடந்த மூங்கில் குச்சியை எடுத்து ஈர மணலில் கிழக்கே ஒரு கோடு, வடக்கே ஒரு கோடு கிழித்தேன்.

“ஏய், வூட்டுக்குப் போடி” என்றார் அப்பா.

“போ மாட்டேன்! பெரியப்பா, உங்க பொட்டியில வடக்கு மொதல்ல வரும், கிழக்கு அப்புறம் வரும். கிராஃப்ல கிழக்குதான் மொதல்ல. அடைப்புக்குள்ள மொதல்ல இருக்கிறது எக்ஸு. நீங்க ரெண்டையும் மாத்திப் போட்டுட்டு என்னைச் சொல்றீங்க!”

“போடின்றேன்ல!”

நான் போகவில்லை. எண்ணைச் சொல்லிச் சொல்லிப் புள்ளிகளை ஒவ்வொன்றாக மணலில் குத்தினேன். குச்சியைப் படுக்க வைத்து நேர்கோடு என்று காட்டினேன். அந்தப் புள்ளிகள் மட்டும் இல்லை, எக்ஸை ஒவ்வொன்றாகக் கூட்டி ஒவ்வொரு தடவையும் ஒன்பதைக் கழித்துக்கொண்டே போனால் அந்தக் கோட்டில் அப்பாவே இன்னும் பார்க்காத இடமெல்லாம் வரும் என்று மிஸ் சொன்னதையும் விடாமல் சொல்லி முடித்தேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. நான்கைந்து பேர் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா என் தலையில் கை வைத்து, “கெட்டிக்காரிடி நீ” என்றார். இத்தனை பேருக்கு முன்னால் ஜெயித்துவிட்டேன் என்று திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் பெட்டிக்குள் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அப்பா போவதற்கு முன்பே அந்தக் கோட்டில் வரிசையாகப் படகுகள் நின்றனவாம். அம்மா அதைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சாப்பிட்டுவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பேசவில்லை. ஊர் நடுவில் என்னை முட்டை என்று சொன்னதற்கு அவராக வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.