ஆறாம் வளைவின் ஓரக்கட்டை

கிளென்டா டங்க்லிக்குப் பந்தயக் கார் ஓட்டத் தெரியாது. தான் பட்டறைக்கு வருகிற பழைய வேனையே பயந்து பயந்துதான் ஓட்டுவாள். ஆனால் ஒரு கார் எந்த வளைவில் என்ன சேட்டை செய்யும் என்று கேட்டால், தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிடுவாள். நார்த்தாம்ப்டன் பக்கத்துத் தொழிற்பேட்டையில், நாய்த்தீனிக் கிடங்குக்கு அடுத்திருந்த சின்னப் பந்தய அணிக்கு அவள்தான் பொறியாளர்.

அதே சாலையின் மறுகோடியில் பெரிய அணி ஒன்று இருந்தது. அவர்களுக்குச் சொந்தமாகவே சிமுலேட்டர் உண்டு. அவர்களுடைய ஓட்டுநர்கள் மழையில் நனையாமல், டயர் தேயாமல், நாள் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்து ஓட்டி, நிஜப் பாதையை மிதிக்கும் முன்பே அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். கிளென்டாவின் அணிக்கு அந்தக் கொடுப்பினை ஏது? வாடகைச் சிமுலேட்டர்தான். அதிலும் ஒரு வில்லங்கம். கடைசிப் பந்தயம் நடக்கும் பாதையின் ஆறாம் வளைவில், விளிம்பில் பதித்திருக்கும் ஓரக்கட்டையை அந்தப் பருவம் தொடங்கும் முன்தான் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். வாடகைச் சிமுலேட்டரில் இருந்ததோ பழைய பாதை. புதியது வேண்டுமென்றால் தனிக் காசு.

"ஒண்ணு புதுப் பாதை, இல்லேன்னா சிமுலேட்டர்ல இன்னும் ரெண்டு நாள் ஓட்டம். ரெண்டும் வேணும்னா நான் கிட்னியத்தான் விக்கணும் தாயே," என்றார் அணியின் முதலாளி பாரி.

"உங்க கிட்னிய எவன் வாங்குவான்? அத்தனையும் பீரு."

சிரித்துவிட்டு, ரெண்டு நாள் ஓட்டம் போதும் என்று கிளென்டாவே முடிவு செய்தாள். ஒரே ஒரு கட்டைதானே? வாயால் சொல்லிக்கொள்ளலாம். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

சொல்லவும் செய்தாள். "டேய் ரோரி, ஆறுல கட்டை மேல ஏத்தாத. நிஜத்துல அது ஒசரம்."

"சரிங்க டீச்சர்," என்பான் ஓட்டுநர் ரோரி டென்ச். இரண்டு சுற்று ஒழுங்காகப் போவான். மூன்றாவதில் கார் தானாகக் கட்டைமேல் ஏறும். திரையில் கட்டை இன்னும் தாழ்வுதான்; அதன்மேல் ஏறிக் குறுக்கே போவதுதான் வேகமான வழி.

பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு ஒரு பிஸ்கட் கம்பெனிக்காரர் வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் அடுத்த வருஷச் செலவு அவருடையது. பிடிக்காவிட்டால் ரோரிக்கு ஓட்டக் காரே இருக்காது. பாதையில் பழகிப் பார்க்கலாம் என்றால், பயிற்சி மூடுபனியில் ரத்தானது. தகுதிச்சுற்று மழையில் நடந்தது. ஈரத்தில் யாரும் கட்டைப் பக்கமே போவதில்லை. பந்தயத்தன்று மட்டும் வெயில் பல்லைக் காட்டியது.

ரோரி மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். பிஸ்கட்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பக்கத்தில் பெரிய அணியின் கார் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஆறு வருது ரோரி. கட்டை," என்றாள் கிளென்டா ரேடியோவில்.

"தெரியும், தெரியும்."

கார் கட்டைமேல் ஏறியது. துள்ளி விழுந்ததில் முன்சக்கரம் மடங்கியது. கிளென்டாவின் விரல் இன்னும் ரேடியோ பொத்தான்மேல்தான் இருந்தது. அதை அழுத்தி என்ன செய்ய? பிஸ்கட்காரர் "அடப் பாவமே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டார்.

ரோரி ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து நின்றான். "மண்டைக்குத் தெரியும் கிளென்டா. காலுக்குத்தான் தெரியல."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யாரைத் திட்டுவது? பாரியையா? கட்டை கட்டினவனையா? ரெண்டு நாள் ஓட்டம் கேட்டவள் அவள்தான். ரோரியின் காலைக் கட்டைமேல் ஏறப் பழக்கியதும் அந்த ரெண்டு நாள்தான்.

அடுத்து வந்த குளிர்காலத்தில் ரோரி ஃபோன் செய்தான். பெரிய அணியில் வேலை கிடைத்திருந்தது. பந்தயத்துக்கு அல்ல, சிமுலேட்டரில் ஓட்ட. அவன் ஓட்டிச் சரிபார்த்துக் கொடுத்தால், யாரோ ஒரு பணக்காரர் மகன் நிஜத்தில் ஓட்டுவான்.

"எந்தப் பாதைடா?"

"நம்ம பாதைதாங்க. புதுசு. காலையிலேருந்து ஆறாம் வளைவுதான் ஓட்டறேன். ஒரு தடவகூடக் கட்டையத் தொடல. காலுக்கு இப்பத் தெரிஞ்சிருச்சு கிளென்டா."

"சந்தோஷம்டா," என்றாள்.