விஸ்வநத்தத்தில் மேலே பார்த்தவர்கள்

என்னுடைய எண்பத்தைந்து எம்.எம். லென்ஸை நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. என் வீட்டுக்காரர் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அவர் கேட்கவும் மாட்டார், அது வேறு விஷயம். மன்னார்குடியில் முப்பது வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறேன். குழந்தைகளின் முகத்தை அந்த லென்ஸ் மாதிரி எதுவும் எடுத்துக் கொடுத்ததில்லை. அதனால் ஸ்டெல்லா போன் செய்து, "அக்கா, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமைக்கு அந்த லென்ஸ் வேணும்" என்று கெஞ்சியதும், "லென்ஸ் தனியா வராதும்மா, வந்தா நானும்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டேன். இப்படியாகத்தான் ஒரு பங்குனிச் சனிக்கிழமை விடிகாலையில், தோளில் காமிராப் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக நான் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்டெல்லா யாரென்று சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் கடைசி வருஷம் படிக்கிறாள். போன கோடையில் ஒரு மாதம் என் ஸ்டூடியோவில் பயிற்சிக்கு இருந்தாள். சொந்த ஊர், சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம். குழந்தைகளின் கற்பனையைப் பற்றிப் படங்கள் எடுத்துக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் பட்டம் இல்லை.

தஞ்சாவூரில் மாறி, மதுரை மாட்டுத்தாவணியில் மறுபடி மாறி, விருதுநகரில் இறங்கியபோது மதியம் ஆகிவிட்டது. சிவகாசிக்கே நேராகப் போகும் பஸ்தான். ஆனால் விருதுநகர் வழியாகப் போய்விட்டு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிடாமல் வந்தேன் என்று ஊரில் சொன்னால் என்னை மதிப்பார்களா? இறங்கினேன். ஒன்று இருபது ரூபாய். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று பொரிந்து, நடுவில் சால்னா ஊறி... இரண்டு போதும் என்று உட்கார்ந்தவள் நான்கு சாப்பிட்டேன். பரிமாறியவர், "இன்னொண்ணு வைக்கட்டாம்மா? கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றார். கூச்சமா, எனக்கா!

அங்கிருந்து சிவகாசி சுமார் இருபத்தாறு கிலோமீட்டர். நான் காவிரித் தண்ணீரில் வளர்ந்தவள். ஜன்னலுக்கு வெளியே பார்க்கப் பார்க்க எனக்கே தொண்டை வறண்டது. கரிசல் காடு, சீமைக்கருவேலம், அதற்கு மேல் ஒட்டுப் போடாத நீலமாக வானம். நடுநடுவே பட்டாசுக் கம்பெனிகள். கம்பெனி என்றால் நான் பெரிய கட்டடமாகக் கற்பனை செய்திருந்தேன். இவை ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன வெள்ளை அறைகள், இடையிடையே வேப்ப மரங்கள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். ஊருக்குள் நுழைந்ததும் அச்சகங்கள். வாசலில் வெட்டி அடுக்கிய காலண்டர் தாள்களில் ஒரே முருகன் முந்நூறு தடவை சிரித்துக்கொண்டிருந்தார். என் ஸ்டூடியோச் சுவரில் தொங்கும் காலண்டரின் தொட்டில் குழந்தையும் இந்த ஊரில் பிறந்ததுதான். வணக்கம் சொல்லிக்கொண்டேன்.

விஸ்வநத்தம் போகும் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லாத டிக்கெட். நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். கொடுத்தவர் என் பையைப் பார்த்தார். காமிரா பிதுங்கிக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"எங்கன வெடிச்சிருக்கு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அதற்குள் பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. முன்னால் இருந்த பெண் எழுந்தே நின்றுவிட்டாள். "டிவிக்காரவுகளாம்மா? எந்தக் கம்பெனி? எங்க வீட்டுக்காரரு இன்னிக்கு வேலைக்குப் போயிருக்காரு..."

"ஐயையோ, எங்கேயும் வெடிக்கலைம்மா! நான் ஸ்டூடியோக்காரி. குழந்தைகளைப் படம் எடுக்க வந்திருக்கேன்" என்று கத்தினேன். அவள் அப்படியே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரிய காமிரா இந்த ஊருக்கு வேறு எதற்கும் வந்ததில்லை போலும். காமிராவைப் பைக்குள் அமுக்கி, மேலே என் துண்டைப் போட்டு மூடினேன்.

ஸ்டெல்லாவின் அம்மா ரோஸ்லின், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க. எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கீக! சாப்பிட்டீகளா?" நான்கு பரோட்டாக் கதையைச் சொன்னேன். "அதெல்லாம் ஒரு சாப்பாடா" என்று தட்டை வைத்துவிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லா ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து பரப்பினாள். அச்சகத்தில் கழித்துப் போட்ட பட்டாசு லேபிள்கள். அவற்றை வெட்டி, ஒட்டி, மேலே கிரேயானால் கிறுக்கி, தெருக் குழந்தைகள் ஆளுக்கொரு புது லேபிள் செய்திருந்தார்கள். உலகத்தில் எந்தக் கம்பெனியும் இதுவரை செய்யாத வெடிக்கு லேபிள்! கவின் என்ற நாலாம் வகுப்புப் பையன் 'மழை வெடி' என்று எழுதியிருந்தான். லேபிளில் இருந்த மயிலின் கழுத்தில் குடை ஒட்டியிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"ஒவ்வொரு பிள்ளையும் அதது லேபிளைக் கையில் பிடிச்சிட்டு நிக்கும். அதுதான் படம்" என்றாள் ஸ்டெல்லா. அப்புறம் குரல் இறங்கியது. "எங்க சார் என்ன சொன்னார் தெரியுமாக்கா? சிவகாசியில குழந்தைகளை எடுக்கிறதுன்னா ஒரே கதைதான் இருக்கு, அழுக்குக் கையையும் வாடின மூஞ்சியையும் எடு, பரிசே வாங்கலாம்னார். நான் இங்கதானே வளர்ந்தேன். நாங்க அம்புட்டு ஆட்டம் ஆடியிருக்கோம். அதை யாராவது ஒருத்தர் காட்டணும்ல? திங்கக்கிழமை கொடுக்கணும். நாளைக்கு விட்டா எனக்கு வேற நாள் இல்ல."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும், லென்ஸைப் பையிலிருந்து எடுத்து அவள் காமிராவில் நானே மாட்டிக் கொடுத்தேன். எனக்கே ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகளுக்கு விடுமுறை. அம்மாமார்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், சம்மதம் கேட்க வசதி. காலை வெயில் சாய்வாக இருக்கும்போதே பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பொட்டலுக்குப் போனோம். குழந்தைகள் வந்தார்கள். நான் திகைத்துப் போனேன்.

ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் எல்லாம் யூனிஃபார்மில்! தலை படிய வாரி, ரிப்பன் கட்டி, முதுகில் புத்தகப் பை. சிலதின் கழுத்தில் அடையாள அட்டை வேறு. ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிற மாதிரி வரிசையாக நின்றார்கள். பின்னால் அம்மாமார்கள்.

"ஏன்க்கா இப்படி? சாதா டிரெஸ்ல அனுப்புங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று அம்மாமார்களைக் கேட்டாள் ஸ்டெல்லா.

மாரீஸ்வரி என்பவர் முன்னால் வந்தார். ஒரு கம்பெனியில் ராக்கெட்டுக்குக் குச்சி கட்டுகிறவர். மகள் தர்ஷினி மூன்றாம் வகுப்பு. "காமிரா வருதுன்னா நாங்க யூனிஃபார்ம்தான் மாட்டிவிடுவோம், ஸ்டெல்லா. எங்க புள்ளைக பள்ளிக்கூடம் போகுது, வேலைக்குப் போகலன்னு பாக்கிறவுகளுக்குத் தெரிய வேணாமா?" என்றார். பிறகு மகள் கையில் இருந்த லேபிளைப் பார்த்தார். பிடுங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இது ஆகாது."

"அக்கா, அது வெறும் காயிதம். விளையாட்டு..."

"உனக்கு விளையாட்டு. தப்பா நெனச்சுக்கிடாத. பட்டாசு லேபிளைப் பிடிச்சிட்டு நிக்கிற புள்ளையப் படம் எடுத்துட்டு நீ போயிருவ. அது எங்கன சுத்தி எங்கன வருமோ? சின்னப்புள்ளைய வச்சு வேலை வாங்குதாகன்னு எவனாச்சும் எழுதிப்புட்டா கம்பெனிக்குப் பூட்டு, எங்க அடுப்புல பூனை தூங்கும். ஒன்னைய நம்பாம இல்ல தாயி. படத்தை நம்ப முடியாதுல்ல?"

மற்ற அம்மாமார்களும் லேபிள்களை வாங்கிக்கொண்டார்கள். ஸ்டெல்லா காமிராவை மார்போடு அணைத்துக்கொண்டு புத்தகப் பைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மாத உழைப்பு அந்த அம்மாமார்களின் இடுப்பில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யார் மேல் கோபப்படுவது? நேற்று அந்தப் பஸ்ஸில் எழுந்து நின்ற பெண்ணைப் பார்த்தவள் நான்.

சும்மா நிற்க முடியாமல், என் முப்பது வருஷத்து ஆயுதத்தை எடுத்தேன். அமுக்கினால் கீச்சிடும் ரப்பர் வாத்து. அதைக் காட்டிச் சிரிக்காத குழந்தை மன்னார்குடி வட்டாரத்தில் இல்லை. கீச்சுக் கீச்சென்று அமுக்கினேன். விஸ்வநத்தத்துக் குழந்தைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "அந்தம்மாவுக்கு என்ன செய்யுது?" என்று ஒரு வாண்டு கேட்டது.

அப்போதுதான் தர்ஷினி ஸ்டெல்லாவின் துப்பட்டாவை இழுத்தாள். "லேபிள் எதுக்குக்கா? வெடியவே காட்டுறேன்" என்றாள்.

பையைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பொட்டலின் நடுவே போய் உட்கார்ந்து எதையோ மண்ணில் நட்டாள். ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்றவைத்தாள். ஒரே ஓட்டம்! ஓடி வந்து நின்று மேலே பார்த்தாள். அவள் பார்வை ஏறிக்கொண்டே போனது. கூட இருந்த அத்தனை குழந்தைகளும் கழுத்தை வளைத்து மேலே பார்த்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் பார்த்தேன்.

"இது என்ன வெடி?" என்றாள் ஸ்டெல்லா. அவள் காமிரா அதற்குள் கண்ணுக்குப் போயிருந்தது.

"இது போயிட்டுத் திரும்பி வர்ற ராக்கெட்டு. நம்மூர் ராக்கெட்டெல்லாம் போனா வர்றதே இல்லைல? இது போயி எல்லா ஊரையும் பாத்துட்டு, இங்கன வந்து என்ன பாத்தேன்னு சொல்லும்."

அதற்குள் கவினுக்குப் பொறுக்கவில்லை. "என் மழை வெடியப் பாருங்க. கம்பெனி விட்ட பொறகுதான் மழை பெய்யும். பகல்ல பெஞ்சா பட்டாசுச் சரக்கு காயாதுல்ல" என்று விளக்கம் சொல்லியபடியே குனிந்து, தன் வெடிக்கு நேர்மேலே தலையை நீட்டிப் பற்றவைக்கப் போனான்.

"ஏலே! தள்ளி நில்லுலே! மூஞ்சிய அங்கன கொண்டு போகாத!"

கத்தியது மாரீஸ்வரி. கத்தியது மட்டுமில்லை. ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேவிட்டார். இழுத்த பிறகு குனிந்து பார்த்தார். வெறும் மண்.

பொட்டலே சிரித்தது. அம்மாமார்கள் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். மாரீஸ்வரி முதலில் முறைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அவரும் சிரித்தார். "சனியன், எனக்கு ஒரு நிமிசம் திக்குன்னு ஆயிருச்சுடி" என்றார்.

அப்புறம் யாரும் யாரையும் தடுக்கவில்லை. குழந்தைகள் முறை போட்டுக்கொண்டு பற்றவைத்தார்கள். ஒரு குட்டிப் பெண், வெடித்தால் ஊரே தூங்கிவிடும் வெடி வைத்தாள். எல்லோரும் தொப்பென்று படுத்தார்கள், யூனிஃபார்மெல்லாம் புழுதி. அம்மாமார்களே, "இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி" என்று ஒழுங்கு செய்தார்கள். என்ன பிள்ளைகள்! என் ஸ்டூடியோவில் இத்தனை வருஷம் எடுத்த குழந்தைகள் எல்லாம் என் வாத்தைத்தான் பார்த்தார்கள். இந்தப் பிள்ளைகள் பார்த்தது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மாரீஸ்வரி மகள் பக்கத்தில் போய் நின்றார். "ஏட்டி, உன் ராக்கெட்டு வந்துருச்சா?"

"இன்னும் வரலம்மா."

"எந்த ஊருல நிக்குதாம்?" என்று கேட்டபடியே கையை நெற்றியில் வைத்து, வெயிலை மறைத்து மேலே பார்த்தார். ஸ்டெல்லா பட்டனை அமுக்கினாள்.

வெயில் ஏறியதும் மாரீஸ்வரி காமிராத் திரையில் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. கையில் லேபிள் இல்லை, பெட்டி இல்லை. யூனிஃபார்ம் இருக்கிறது. "இதெல்லாம் குடுத்துக்க" என்றார். கடைசியில் தன் படம் வந்ததும் விரலை எடுத்துவிட்டார். அதில் அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருக்குப் பத்து வயது என்று சொன்னால் நம்பலாம்.

"வருசம் பூரா ராக்கெட்டுக்குக் குச்சி கட்டுதேன். தீவாளி ராத்திரி வந்தா அசதியில தூங்கிப்போயிருவேன். ஒரு தடவகூட மேல போறத முழுசாப் பாத்தது கெடையாது" என்றார். பிறகு ஸ்டெல்லாவிடம் கேட்டார்: "இதையும் சேத்துக் குடுப்பியா? எனக்கும் ஒண்ணு வேணும்."

அதற்குள் அடுத்த தெரு அம்மாமார்கள் வந்து சேர்ந்தார்கள். எங்க பிள்ளைகளை ஏன் கூப்பிடவில்லை என்று சண்டை. சாயங்காலம் வரச் சொன்னாள் ஸ்டெல்லா. "யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக் கொண்டாறோம்" என்று வாக்குக் கொடுத்துப் போனார்கள்.

நான் மதிய பஸ்ஸைப் பிடித்தால்தான் ராத்திரிக்குள் ஊர் போய்ச் சேர முடியும். ஸ்டெல்லா லென்ஸைக் கழற்றப் போனாள். "கழற்றாதே. உள்ளே தூசி போயிடும். தஞ்சாவூர் வந்த பிறகு மன்னார்குடிக்குக் கொண்டு வா" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். வேர்வை, புழுதி எல்லாம் என் நல்ல புடவையில். போகட்டும்.

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பையில் என் காமிராவும் வாத்தும் மட்டும். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாளின் கண் நேரே பைக்குப் போனது. "எங்கனயும் வெடிச்சிருக்காம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லம்மா. எங்கேயும் வெடிக்கல. விஸ்வநத்தத்துல பிள்ளைங்களைப் படம் எடுத்தோம்."

மூச்சை விட்டார். "என்ன செய்யிறாப்புல எடுத்தீக?"

"மேலே பார்க்கிற மாதிரி. ஒரு சின்னப் பொண்ணு ராக்கெட் விட்டிருக்கா. ஊரெல்லாம் பார்த்துட்டுத் திரும்பி வந்து சொல்லுமாம்."

அந்த அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் மடி மேலாகச் சாய்ந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி வானத்தைப் பார்த்தார்.

"இன்னும் வரலையோ?" என்றார்.