வீடு திரும்பாத துப்பாக்கி

தேர்தல் முடிந்த மறுவாரம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. ஒப்படைத்த துப்பாக்கியை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். போனை எடுத்தது அம்மா. சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டு, அப்பாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மாட்டுக்கொட்டகைக்குப் போய், சேலத்தில் இருக்கும் என்னை அழைத்தாள்.

"அந்தக் கருமத்த ஊட்டுக்குள்ள கொண்டார உடாத சாமி. எப்பிடியாச்சும் வெளியவே நிறுத்திப் போடு."

அம்மா மல்லசமுத்திரத்துக்காரி. தம்மம்பட்டியில் வாழ்க்கைப்பட்டு இத்தனை வருடமாகியும் பேச்சு மாறவில்லை. அன்று அந்தக் குரல் நடுங்கியது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே பயம் இருந்தது.

எங்கள் தோட்டம் ஊருக்கு வெளியே, கொல்லிமலை இறங்கி முடிகிற இடத்தில் இருக்கிறது. மரவள்ளியில் கிழங்கு பிடிக்கும் சமயத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கும். அப்பா பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். பன்றியைச் சுட்டதில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவார்.

இந்த முறை அது ஸ்டேஷனில் இருந்தபோதுதான் என் அண்ணன் இறந்துபோனான். நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்றிகள் இறங்கிவிட்டன, கையில் துப்பாக்கியும் இல்லை, இரண்டு பேராக நின்று தகரம் தட்டினால்தான் விரட்ட முடியும், கிளம்பி வா என்று அப்பா போன் செய்தார். வேலை முடிந்ததும் பைக்கில் கிளம்பினான். புதுச்சத்திரம் தாண்டும்போது, பழுதாகி விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்ற லாரியில் போய் மோதிவிட்டான்.

அப்பா அழவில்லை. காரியங்கள் முடிந்த பிறகு தோட்டத்து வேலைகளை முன்போலவே செய்தார். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. ஒருநாள் மத்தியானம், துப்பாக்கி வைக்கும் பீரோவைத் திறந்து, காலியாக இருந்த இடத்தைப் பார்த்தபடியே அவர் வெகுநேரம் நின்றதை அம்மா பார்த்திருக்கிறாள். என்ன வேணும் என்று கேட்டதற்கு, "ஸ்டேஷன்ல எப்பக் குடுப்பாங்களாம்?" என்றாராம்.

நான் ஸ்டேஷனுக்குப் போய் விசாரித்தேன். எழுத்தர் பொறுமையாகவே சொன்னார். காலவரையில்லாமல் இங்கே வைத்திருக்க முடியாது. ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸையே விட்டுவிட்டு ஒப்படைத்துவிட வேண்டும், அதுவும் இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு முறைப்படி கொடுத்துவிடலாம். "சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தாப் பாருங்களேன்" என்றார்.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வெகு காலத்துக்கு முன்பே கர்நாடகத்துக்குப் போய், சிக்மகளூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் வாங்கி அங்கேயே தங்கிவிட்டவர். யானைத் தொல்லைக்காக லைசென்ஸ் வாங்கியிருந்தார், துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை. போனில் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் கேட்டேன்னு சொல்லு. நீங்க குடுக்கற மாதிரி இருக்கக் கூடாது" என்றார்.

அப்படியே சொன்னேன். சித்தப்பாவுக்கு யானைத் தொல்லை தாங்கவில்லையாம், உங்களுடையது கிடைக்குமா என்று கேட்கிறார் என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். அம்மாவின் முகத்தையும் பார்த்தார். "குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

மாநிலம் விட்டு மாநிலம் என்பதால் வேலை இழுத்தது. கொடுக்கப்போவதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சித்தப்பாவின் லைசென்ஸில் இந்தத் துப்பாக்கி ஏற அங்கிருந்து சம்மதம் வர வேண்டும். எல்லை தாண்டி எடுத்துப்போகத் தனி அனுமதி. என் ஆபீஸ் கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் என்பதால் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் நான்தான் அலைந்தேன். இன்னும் வரவில்லை என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும். அதுவரை துப்பாக்கி ஸ்டேஷனில்தானே இருக்கும்.

விசாரணைக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள். நானும் போயிருந்தேன். இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர், மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"இத்தன வருஷம் வச்சிருந்துட்டு இப்ப எதுக்குங்கய்யா குடுக்கறீங்க?"

யானைத் தொல்லை என்று சொல்ல நான் வாய் திறந்தேன். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

"ஊட்ல பயப்படறாங்க."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆவணி கடைசியில் எல்லா அனுமதியும் வந்து சேர்ந்தது. சித்தப்பா காரில் வந்தார். நேராக ஸ்டேஷனுக்கே வரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அப்பா அதை எடுத்து மடித்துத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று குழலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தம்பியின் கையில் கொடுத்தார். கொடுத்த கையைச் சித்தப்பா விடவில்லை. "அண்ணா, எங்கூட வந்து கொஞ்ச நாள் இருங்கண்ணா" என்று அழுதார். அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "மழ வர்றதுக்குள்ள கிளம்பு. மலப்பாதைல பாத்துப் போ" என்றார்.

அவரை அனுப்பிவிட்டு நாங்கள் டீக்கடையில் உட்கார்ந்தோம். அப்பா டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"துப்பாக்கிய அனுப்பிட்டீங்க. கெணத்த எங்க சாமி அனுப்புவீங்க?"

கடைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பயப்படாத. நான் அப்பிடியெல்லாம் போவ மாட்டேன். போனா அவன் வந்ததுக்கு என்ன அர்த்தம்? நான் கூப்ட்டுத்தான வந்தான்." கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஒங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா" என்றார்.

சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. தோட்டத்தில் தெளிக்கும் மருந்து பாட்டில்களை அவள் ஏற்கெனவே பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள். அப்பா கிணற்றடிக்குப் போனால் ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இவளும் பின்னால் போவாள். அப்பா திரும்பிப் பார்க்காமல் நடப்பார். ஒரு வீட்டுக்குள் ஒருவர் காவல், ஒருவர் கைதி என்று ஆகிவிட்டது. யார் எது என்று சில நாட்களில் எனக்கே சந்தேகம் வரும்.

அந்த வருடம் பன்றிகள் மரவள்ளியை ஒரு மூலை விடாமல் தோண்டித் தின்றன. அப்பா விரட்டப் போகவில்லை. காலையில் போய், புரண்டு கிடந்த மண்ணைக் காலால் தள்ளிவிட்டு வந்தார். மறு வருடம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். எடுத்தவர் சுற்றிலும் சூரிய மின்வேலி போட்டு மக்காச்சோளம் விதைத்திருக்கிறார். நன்றாக வந்திருக்கிறது. அப்பா அந்தப் பக்கம் போவதில்லை.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறார். மழை பெய்ததா, காப்பி பூத்ததா என்று அப்பா கேட்பார். துப்பாக்கியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. நாங்கள் செய்தது சரிதானா என்று நான் சித்தப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "சரிதான் சாமி. ஆனா எனக்கு அதத் தொடவே கையி வர்றதில்ல. யானைக்குப் பட்டாசுதான் வெடிச்சுட்டு இருக்கேன்" என்றார்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். வெயில் தகித்துக்கொண்டிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா உதட்டில் விரல் வைத்தாள். உள்ளே பாயில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மிகவும் இளைத்திருந்தார். இரவில் தூங்குவதே இல்லையாம், பகலில்தான் இப்படி எப்போதாவது.

"இப்பத்தான் கண்ணசந்தாரு. எழுப்பாத" என்றாள் அம்மா.

நான் பையை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அப்பாவின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.