குறைத்துச் சொன்ன சம்பளம்

எங்கள் வீட்டில் சம்பளத்தை உள்ளபடி சொல்கிற வழக்கம் கிடையாது. அப்பா ரயில்வேயில் இருந்தார். "மாசம் எவ்வளவு வருது?" என்று யாராவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லுவாள். அந்தப் பதிலில் அப்பாவின் சம்பளம் கால்வாசி காணாமல் போயிருக்கும். முழுசாகச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது ஒரு காரணம். கைமாற்று கேட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்பது இன்னொன்று. "பிடித்தம் எல்லாம் போக ஏதோ வருதும்மா" என்று இழுப்பாள். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்.

எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. மைசூரில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடம் ரத்தமும் சிறுநீரும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சம்பளம் இவ்வளவு என்று நெருங்கிய தோழிக்குக்கூட முழுசாகச் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படி அந்த முதலாளி கொடுக்கவும் இல்லை, அது வேறு விஷயம்.

முப்பத்தொரு வயதில் தேர்வு எழுதி, அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். சேர்ந்த அன்று நீளமாக ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'கடைசியாக வாங்கிய சம்பளம்' என்று ஒரு கட்டம். கை தானாக எழுதியது. பிடித்தம் போகக் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு, அதிலும் இரண்டாயிரத்தைக் குறைத்துப் போட்டேன். அரசாங்கப் படிவத்துக்குக் கண் இருக்கிறதா, அது என் மேல் படப்போகிறதா? இப்போது கேட்டால் எனக்கே சிரிப்பு வருகிறது. அவ்வளவு குறைந்த தொகைக்கு யாரும் சான்றுகூடக் கேட்கவில்லை.

அந்தக் கட்டத்தை வைத்துத்தான் புதிதாகச் சேருகிறவர்களின் தொடக்கச் சம்பளத்தைப் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. பழைய சம்பளம் இங்கத்திய தொடக்கத்தைவிட அதிகமாக இருந்தால், அதற்கு ஈடாக முதல் நாளே சில இன்கிரிமென்ட்களைச் சேர்த்துக் கொடுப்பார்கள். குறைவாக இருந்தால் அடிமட்டம்தான். அதற்குப் பிறகு வருடா வருடம் ஏறுவதெல்லாம் அந்த முதல் தொகையின் மேல்தான் ஏறும்.

என்னோடு அதே நாளில், அதே வேலைக்கு, ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி லேபிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். கன்னடக்காரர், நாலு வருட அனுபவம். தேர்வில் என்னைவிட இரண்டு இடம் பின்னால். எங்கள் இருவருக்கும் சம்பள உத்தரவு வந்தது. காகிதத்தை மிச்சம் பிடிக்க ஒரே தாளில் அடித்திருந்தார்கள். அவருக்கு ஐந்து இன்கிரிமென்ட். எனக்கு நேராக ஒரு சின்னக் கோடு.

எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது. பக்கத்து மேஜையில் இருந்த அந்த மனுஷரைப் பார்த்தாலே கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? மத்தியானம் அவரே வந்தார். "மேடம், நான் எதையும் கேட்டு வாங்கல. பழைய சம்பளச் சீட்டைக் கேட்டாங்க, குடுத்தேன்" என்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. அதற்குமேல் அவரிடம் என்ன சண்டை போடுவது?

எனக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. அப்பா போன பிறகு நானும் அம்மாவும் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். படி செங்குத்து. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. ஒரு தடவை கீழே இறங்கினால் மறுபடி ஏற இருபது நிமிடம். அதனால் இறங்குவதையே விட்டுவிட்டாள். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதுதான் அவளுக்கு வெளியே போவது. தரைத்தளத்தில் ஒரு வீடு பிடிக்க வேண்டும் என்றுதான் நான் அரசாங்க வேலையையே நம்பியிருந்தேன். அடிமட்டச் சம்பளத்தில் அந்த வாடகை கட்டுப்படியாகாது.

பழைய மருத்துவமனைக்குப் போய் உண்மையான சம்பளச் சீட்டை வாங்கிக்கொண்டு ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட்டிடம் போனேன். மேல்கோட்டை ஐயங்கார்க் குடும்பத்து அம்மா அவர். வீட்டில் பேசுகிற பழைய தமிழையே என்னிடமும் பேசுவார்.

"கம்மியாவா எழுதினேள்? யாராவது இப்படிப் பண்ணுவாளா?"

"பிடித்தம் போக எழுதிட்டேன் மேடம்."

அவர் சீட்டைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பிடித்தம் போனாலும் இவ்வளவு குறையாதே?"

வேறு வழியில்லை. "முழுசாச் சொன்னா கண் படும்னு அம்மா சொல்லுவாங்க" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "எங்காத்துலயும் அதே கதைதான். சரி, உக்காருங்கோ" என்று கணக்குப் போட்டார். உண்மையான சம்பளத்துக்கு இரண்டு இன்கிரிமென்ட் வந்தது. திருத்த மனுவில் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதமே கிடைக்கும். ஆனால் ஒரே தடவைதான். போட்டுவிட்டால் அதற்கப்புறம் எதையும் கேட்க முடியாது.

பேனாவைக் கையில் எடுத்தேன். எழுத வரவில்லை.

"மேடம், நான் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவ. அவர் நாலு வருஷம். ரெண்டு பேரும் ஒரே மெஷினைத்தான் ஓட்டறோம். அவருக்கு அஞ்சு, எனக்கு ரெண்டா?"

"உங்க பழைய முதலாளி கம்மியாக் குடுத்தார். அதுக்கு நாங்க என்னம்மா பண்றது?"

எனக்கு வாய் அடங்கவில்லை. "அப்போ இங்கேயும் அவர்தான் எனக்குச் சம்பளம் போடறாரா?"

இன்று வேலை போச்சு என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இதை அப்படியே எழுதிண்டு வாங்கோ. ஒரு வார்த்தை மாத்தாதீங்கோ. நான் நோட் போட்டு மேலே அனுப்பறேன். ஆனா ஒண்ணு, அது முடியற வரைக்கும் இந்த ரெண்டும் கிடைக்காது. முடியாமலும் போகலாம். யோசிச்சுக்கோங்கோ."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வர்றதை வாங்கிக்கோடி. ரெண்டாச்சும் வருதே! ஆயித்து, அதோட விடு. ஆபீஸ்ல வம்பு எதுக்கு?"

"உனக்காகத்தான்மா கேக்கறேன்."

"எனக்கென்ன? ஜன்னல் இருக்கு, எனக்குப் போதும்."

அந்த 'போதும்' என்னை அழ வைத்துவிட்டது. பாத்திரம் தேய்க்கிற சாக்கில் அழுதேன். மறுநாள் காலை கையெழுத்துப் போடாத திருத்த மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் கடிதத்தைக் கொடுக்கக் கிளம்பினேன். பக்கத்து மேஜைக்காரர் தன்னுடைய அனுபவச் சான்றின் நகலில் கையெழுத்துப் போட்டு, "இதையும் சேர்த்துக் குடுங்க, ஆதாரமா இருக்கும்" என்றார். நல்ல மனுஷர். உத்தரவு வந்த அன்று அவரை மனசுக்குள் திட்டியதற்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

பதினான்கு மாதம் போனது. கடிதம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மேலே இருக்கிறது என்பார்கள். எவ்வளவு மேலே என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டையாவது வாங்கியிருக்கலாமே என்று நான் வருந்தாத மாதம் இல்லை. அம்மா ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒரு மழை நாளில் அந்த சூப்பரின்டென்டென்ட் அம்மாவே லேபுக்கு நடந்து வந்தார். கையில் இரண்டு தாள். ஒன்று புதிய படிவம். அதில் 'கடைசியாக வாங்கிய சம்பளம்' என்ற கட்டமே இல்லை. அந்த இடத்தில் 'இதே வேலையில் அனுபவம், எத்தனை வருடம்' என்று இருந்தது. இன்னொன்று எனக்கான உத்தரவு. சேர்ந்த தேதியிலிருந்து ஐந்து இன்கிரிமென்ட். பக்கத்து மேஜைக்காரருக்குக் கொடுத்ததைப் பிடுங்கவும் இல்லை. அவர்தான் முதலில் கை தட்டினார்.

"உங்க கேள்விக்கு மேலே யாருக்கும் பதில் சொல்லத் தெரியலை" என்றார் அந்த அம்மா.

இரண்டு மாதத்தில் தரைத்தள வீட்டுக்கு வந்தோம். வந்த வாரமே அம்மா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெரு முழுவதையும் பழக்கம் பண்ணிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்கார அம்மா கன்னடத்தில், "மகளிகே சம்பள எஷ்டு பருத்தே?" என்று, மகளுக்குச் சம்பளம் எவ்வளவு வருகிறது என்று கேட்பது காதில் விழுந்தது. போச்சு, கால்வாசி இப்போது காணாமல் போகும் என்று நினைத்துக் கத்தியை நிறுத்தினேன்.

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு தொகையைச் சொன்னாள். பிடித்தத்துக்கு முந்திய முழுத் தொகை, ஒரு ரூபாய் குறையாமல். அதோடு, "அவளே கேளி தகொண்டளு" என்று சேர்த்துச் சொன்னாள். அவளே கேட்டு வாங்கினாள் என்று.

அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டாள். "பார்த்தியா, நெடியே இல்ல. எவ்வளவு கண்ணு பட்டிருக்கு!" என்றாள். நான் மூச்சு முட்ட இருமிக்கொண்டிருந்தேன்.

"இனிமேலாவது குறைச்சுச் சொல்லும்மா" என்றேன்.

"பட்டா பட்டுட்டுப் போகட்டும்டி" என்றாள். "முழுசாத்தான் சொல்லுவேன்."