சொந்த நுகர்வு

ஓலையில் முடைந்த பறிக்கூடைக்குள் உயிரோடு கிடக்கும் இறால்கள் ஒன்றின்மேல் ஒன்று துள்ளும்போது, காய்ந்த தாளை யாரோ அடுத்த அறையில் மெல்லக் கசக்குவது போன்ற ஓர் ஓசை எழும். காத்திவாக்கத்தில் எங்கள் வீடு ஒரே அறை என்பதால், பள்ளிக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த ஓசை கேட்டால் அம்மா உப்பங்கழியிலிருந்து திரும்பிவிட்டாள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிடும். அவளோடு உப்பும் சேறும் கலந்த வாடை உள்ளே வரும். காற்று மணலி ஆலைகள் பக்கமிருந்து அடிக்கும் நாட்களில் அதனோடு கந்தக நெடியும் சேர்ந்துகொள்ளும்.

அம்மாவுக்கு வலை கிடையாது, படகு கிடையாது. எண்ணூர்க் கழியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கழுத்து நனையும்வரை குந்தி, பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றில் பரப்பி இறாலைத் தடவிப் பிடிப்பாள். எங்கள் சந்தின் பதினோரு வீட்டுப் பெண்களும் அப்படித்தான் பிடித்தார்கள். வாயில் கயிறு இருப்பதால் யாரும் பேச முடியாது. ஆகவே கரையேறியதும் இரண்டு மணி நேரப் பேச்சையும் சேர்த்துப் பேசுவார்கள். அதில் அடுத்த வீட்டுக் கஸ்தூரி அக்காவின் குரல்தான் ஓங்கி இருக்கும். "எறா இன்னாடி எறா, வாயைத் தொறக்காம ரெண்டு மணி நேரம் கீறேன் பாரு, அதுக்கே எனக்குக் கவருமெண்டு மெடலு குடுக்கணும்" என்பாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் காசிமேட்டில் ஒரு விசைப்படகில் ஆளாகப் போய்க்கொண்டிருந்தார். போனால் ஒரு வாரம், சில நேரம் அதற்கும் மேல். கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். நைனா வீட்டில் இருப்பார். அந்த வாரங்களில் அம்மா கழியில் கூடுதல் நேரம் இருப்பாள். வீட்டுக்குப் போக மிஞ்சிய இறாலை ஈரத்துணியில் மூடி, முந்தானைக்குள் மறைத்து, திருவொற்றியூர் போகும் பேருந்தில் ஏறுவாள். திரும்பும்போது பையில் எண்ணெயும் பருப்பும் இருக்கும். எங்கே போனாள் என்று நைனா கேட்க மாட்டார். அவளும் சொல்ல மாட்டாள்.

இது எங்கள் வீட்டின் ரகசியம் அல்ல. சந்து முழுவதன் வழக்கம். கடலுக்குப் போகும் ஆணின் மனைவி கழியில் கைவிட்டுப் பிடித்ததை விற்றாள் என்றால், அவன் கொண்டுவந்தது போதவில்லை என்று ஊருக்குச் சொன்னதாகிவிடும். அதனால் யார் கேட்டாலும் ஒரே பதில்: "சும்மா, கொழம்புக்கு." பதினோரு வீடுகளும் விற்றன, பதினோரு வீடுகளுக்கும் அது தெரியும், ஒருவரும் அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் எனக்குப் பிடித்த பாடம் புவியியல். பாடத்தின் முடிவில் இருக்கும் கலைச்சொற்கள் எனக்கு மனப்பாடம். ஈரநிலம், உவர்நிலம், கழிமுகம், மண் அரிப்பு, பல்லுயிர்ப் பெருக்கம், உணவுப் பாதுகாப்பு. எல்லா மக்களுக்கும், எல்லாக் காலத்திலும், போதிய சத்தான உணவு கிடைப்பதே உணவுப் பாதுகாப்பு. புவியியல் டீச்சர் இந்தச் சொற்களை வகுப்பில் ஒப்பிக்கச் சொல்வார். ஓர் எழுத்து பிசகினாலும் உட்காரவிட மாட்டார். அவர் அடிக்கடி கேட்கும் ஐந்து மதிப்பெண் கேள்வி: தன்னிறைவு வேளாண்மை, வணிக வேளாண்மை – வேறுபடுத்துக. முதலாவதில் விளைச்சல் குடும்பத்தின் சொந்த நுகர்வுக்கு மட்டும். இரண்டாவதில் விளைச்சல் சந்தைக்கு. பாடத்தின் உதாரணங்களில் நெல் இருந்தது, கோதுமை இருந்தது, தேயிலை இருந்தது. எங்கள் கழி எந்தப் பாடத்திலும் இல்லை. அதை எங்காவது பொருத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது.

அந்த ஆண்டு தடைக்காலம் தொடங்கிய சில நாட்களில் சந்துக்கு ஒருவர் வந்தார். கட்டம்போட்ட சட்டை, கையில் அட்டையில் செருகிய தாள்கள். கழிக்கரையில் எங்கள் பெண்கள் இறங்கும் இடத்தை மண்கொட்டி மேடாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஏற்கெனவே இருந்தது. அதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை யார் யார் எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கெடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். பெண்கள் எல்லாரும் கழியில் இருந்த நேரம் அது. வாசலில் புவியியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த என்னிடம் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். என் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கேம்மா. இந்தப் பதினோரு வீட்டுக்கும் நீயே கேட்டு நிரப்பி வச்சிடறியா? நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

நான் பெருமையில் நிமிர்ந்துவிட்டேன். என்னை அதுவரை யாரும் ஒரு வேலைக்குத் தகுந்தவள் என்று நினைத்ததில்லை.

மாலையில் வீடுவீடாகப் போனேன். பெயர், வயது, எத்தனை ஆண்டுகளாகக் கழிக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் எளிதாக நிரம்பின. கடைசிக் கட்டம்: பிடிப்பதன் நோக்கம். கஸ்தூரி அக்கா மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"விப்பீங்களாக்கா?"

"யார்டி இவ, வேவு பாக்க வந்தவளாட்டம்! சும்மா, கொழம்புக்குன்னு எழுது."

"கொழம்புக்குன்னெல்லாம் எழுதக் கூடாதுக்கா. அதுக்கு வேற வார்த்த கீது."

"அப்போ அந்த வார்த்தையையே எழுதிக்கோ. படிச்சவ நீயா நானா?"

அம்மாவிடம் கேட்டபோது நைனா கட்டிலில் படுத்திருந்தார். அம்மா அவர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "வூட்டுக்குத்தான்" என்றாள். முந்தின நாள்தான் அவள் பேருந்திலிருந்து இறங்கி, பருப்புப் பையோடு வந்ததைப் பார்த்தவள் நான். இருந்தாலும் அவள் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதைவிட, அவள் சொன்னது என் பாடத்தின் இரண்டு கட்டங்களில் ஒன்றில் கச்சிதமாகப் பொருந்தியது. பதினோரு தாள்களிலும், மசி சிந்தாமல், ஒரே அளவு எழுத்தில் எழுதினேன்: சொந்த நுகர்வு மட்டும்.

மறுநாள் அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, "நல்ல வார்த்தையெல்லாம் போட்டிருக்கியே" என்றார். அதை டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

பள்ளி திறப்பதற்குள் கூட்டம் வந்துவிட்டது. சமுதாயக் கூடத்தில் மின்விசிறிகளுக்குக் கீழே ஆண்களுக்கு நாற்காலி. பின்னால் பெண்கள் தரையில். நான் அம்மாவுக்கும் கஸ்தூரி அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் இருந்த ஓர் அதிகாரி அறிக்கையை வாசித்தார். பாதிக்குமேல் புரியாத வாசகங்கள். பிறகு எனக்குப் புரிந்த ஒரு வரி வந்தது. குறிப்பிட்ட பகுதியில் வணிக மீன்பிடிப்பு ஏதும் இல்லை. பெண்கள் சொந்த நுகர்வுக்கு மட்டும் இறால் சேகரிக்கிறார்கள். ஆகவே வாழ்வாதார இழப்பு எழவில்லை.

அம்மாவின் கை என் முழங்கால்மேல் இருந்தது. அது அசையவில்லை.

நைனா முன்வரிசையிலிருந்து எழுந்தார். "சார், அந்தத் தண்ணிய நம்பித்தான் சார் எங்க வூட்டுல..." என்று தொடங்கினார். அதிகாரி கோபப்படவில்லை. பெயரைக் கேட்டுக்கொண்டு, தாள்கட்டுக்குள்ளிருந்து ஒன்றை உருவி, கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "உங்க வீட்டம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்களே. விக்கறதில்லன்னு. இல்ல, விக்கறாங்களா?" என்று கேட்டார்.

கூடத்தில் நாற்பது ஐம்பது ஆண்கள். எல்லாரும் நைனாவோடு கடலுக்குப் போகிறவர்கள், அல்லது போனவர்கள். நைனா அவர்களைப் பார்த்தார். பதில் ஒரே ஒரு சொல்தான். அதைச் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கஸ்தூரி அக்கா துள்ளி எழுந்தாள். "வித்தோம்யா! தடைக்காலம் பூரா வித்துத்தான்யா ஒல வச்சோம். இவர இன்னா கேக்கறது, நான் சொல்றேன். நானும் வித்தேன், இவளும் வித்தா, இந்த சந்துல கீற எல்லாரும் வித்தோம்!"

முன்வரிசையில் அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி தாளை உயர்த்திக் காட்டினார். "அப்போ இதை யாரும்மா எழுதினது? பதினோரு தாளும் ஒரே கையெழுத்து. யார் உங்களுக்குப் பொய்யா எழுதிக் குடுத்தது? அந்த ஆளு பேரச் சொல்லுங்க, விசாரிச்சுட்டு மறுபடியும் கணக்கெடுக்கச் சொல்றேன்."

அது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். எழுந்திருக்கவில்லை. கஸ்தூரி அக்கா குனிந்து என்னைப் பார்க்கவில்லை. நான் அங்கே இல்லாததுபோல நேராக மேடையைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. மூச்சை ஒருமுறை இழுத்தாள். அதன்பின் புடவையை ஒதுக்கிக்கொண்டு, என் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தாள். பதினோரு பெண்களில் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. அவர்கள் வாயில் அப்போது கயிறு எதுவும் இல்லை.

அடுத்த வரி வாசிக்கப்பட்டது.

அந்த ஆண்டு மழைக்கு முன்பே லாரிகள் வந்தன. மண் கொட்டினார்கள், பிறகு கம்பி வேலி போட்டார்கள். பெண்கள் இன்னும் வடக்கே, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பக்கம் போய்ப் பார்த்தார்கள். அங்கே சேறு கையில் மாவாக ஒட்டியது. இறால் அகப்படவில்லை, தோல்தான் வெடித்தது. பொங்கலுக்குள் ஒவ்வொருத்தியாக நிறுத்திவிட்டார்கள். அம்மா ராயபுரத்தில் ஓர் ஏற்றுமதிக் கூடத்தில் இறால் உரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுவதும் ஐஸில் கைவிட்டு உரிப்பாள். அதில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, வாசலில் பையைச் சோதிப்பார்கள். அடுத்த தடைக்காலத்தில் எங்கள் வீட்டில் ரேஷன் அரிசி இருந்தது, ரசம் இருந்தது. என் தங்கைக்கு அந்த ஆண்டுதான் சோகை என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள். உணவுப் பாதுகாப்பு என்ற சொல்லுக்கான விளக்கத்தைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன்.

வீட்டில் யாரும் என்னிடம் அந்தத் தாள்களைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும்.

பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு இதுபோன்ற அறிக்கைகள் நிறைய என் மேசைக்கு வந்தன. பயன்பாட்டில் இல்லாத நீர்ப்பரப்பு, தரிசு, புறம்போக்கு. அந்தச் சொற்களில் தவறு எதுவும் இருக்காது. பெரும்பாலும் அகராதிப்படி சரியாகவே இருக்கும். கடைசிக் கட்டத்தை நிரப்பியது யார், அப்போது வீட்டில் கட்டிலில் யார் படுத்திருந்தார்கள் என்று மட்டும் எந்த அறிக்கையிலும் இருக்காது. நிருபர்களிடம் அதைக் கேட்டுவரச் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள்.

என்னால்தான் கழி போயிற்று என்று அம்மாவிடம் பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் சொல்லிவிட்டேன். "நீ எழுதாங்காட்டி மட்டும் வுட்ருப்பானா? வேற இன்னாவாவது சொல்லி மண்ணக் கொட்டியிருப்பான்" என்றாள். இருக்கலாம். ஆனால் வேறு எதையும் அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் காத்திவாக்கம் போயிருந்தேன். சந்தில் நான்கு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மணலி புதுநகர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள். மடவை மீனும் கழி நண்டும் இங்கே இருந்தன என்கிறார்கள்; சந்துக் குழந்தைகளில் ஒன்றுகூட அவற்றைப் பார்த்ததில்லை. இறால் ஆந்திரப் பண்ணைகளிலிருந்து வண்டியில் வருகிறது. வாரம் ஒருமுறை வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். கஸ்தூரி அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை நோயில் ஒரு கண் மங்கிவிட்டது. குரல் அப்படியே இருந்தது.

அன்று கூடத்தில் ஏன் உட்கார்ந்தாள் என்று கேட்டேன். இத்தனை ஆண்டில் அதைக் கேட்க எனக்குத் துணிவு வந்தது அன்றுதான்.

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற? உன் பேரச் சொன்னா அவன் உன்ன மேடைக்கு இஸ்துகினு போயி நிக்க வச்சிருப்பான். ஒம்பதாவது படிக்கிற புள்ள." அவள் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "தண்ணி அப்பால எங்கியாச்சும் கெடைக்கும்னு நெனச்சுட்டோம்டி. அவ்ளோ தண்ணி இருந்துச்சு."

சொல்லும்போது அவள் கழிப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் அங்கே தெரிவது வேலியும், அதற்கு அப்பால் வானத்தைப் பாதி மறைத்து அடுக்கியிருக்கும் இரும்புச் சரக்குப் பெட்டிகளும்தான்.